அனந்தநாராயணனுக்கு ஒரு குலதெய்வம்

அனந்தநாராயணன் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு மிளகை எடுத்து, ஊதி, ஒன்றை மட்டும் முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார். கண்ணை மூடுகிறார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அப்படி அப்படியே நிற்கிறார்கள். அவர் கண்ணை மூடியிருக்கும்போது யாரும் நடமாடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். பிறகு கண்ணைத் திறந்து, "ராஜகுமாரி" என்கிறார். "ராஜகுமாரிலெ சர்ச்சுக்குப் பின்னாடி உள்ள சரிவாக்கும். வெயில் கொறச்சு கம்மியா படற எடம்."

அது ராஜகுமாரி என்கிற அந்த மலையூர்ச் சரக்குதானா என்று சோதித்துப் பார்க்க மனிதரால் ஆகாது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் மிளகு நாலு வியாபாரி கைமாறி, எட்டுத் தோட்டத்துச் சரக்கோடு கலந்துதான் வருகிறது. குஜராத்தி முதலாளிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வாங்க வருகிறவர்களுக்கு ஒரு ஊர்ப்பெயரும், ஒரு சரிவும், கொஞ்சம் வெயிலும் சொன்னால் போதும், உற்சாகமாகி விடுகிறார்கள். ஒருமுறை "சந்தேகமே வேண்டா, புல்பள்ளி" என்று அனந்தநாராயணன் அடித்துச் சொன்ன மூட்டை கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது என்று பிறகு தெரிந்தது. அவர் அசரவில்லை. "அப்போ புல்பள்ளிக்காரன் எவனாவது அங்கெ போயி நட்டிருப்பான்" என்றார்.

வயது அறுபத்திரண்டு. ஒடிசலான உயரம், நெற்றியில் சந்தனம், கஞ்சி போட்ட வெள்ளை முண்டு. முப்பத்தெட்டு வருஷமாக இதே கிடங்கில் இதே வேலை. வேலைக்குப் பதவிப்பெயர் ஒன்றும் கிடையாது. மிளகுக்கு ஊர் சொல்லுகிறவர், அவ்வளவுதான். பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், திட்டுவது இரண்டும் கலந்து.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கேட்டால் தெரியாது என்றாகி விடுமே! ஆகவே தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு, எதிராளி திருத்தும் வரை காத்திருப்பார். பஸ் நின்றதும் கண்டக்டரைப் பார்த்து, "இது ஆலுவா போறதாக்கும்" என்பார். "அல்ல சாமி, தோப்பும்படி" என்பான் அவன். "அதைத்தான் நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, தோப்பும்படிக்குப் போகவேண்டியவர் கம்பீரமாக ஏறி உட்காருவார். டாக்டரிடம் போனாலும் இதே கதை. "எனக்கு சுகர் ஒண்ணும் இல்லெ, கேட்டேளா?" டாக்டர் காகிதத்தைப் பார்த்து, இருக்கிறது என்பார். "அதைத்தான் நானும் சொன்னேன்."

அவர் மனைவி கமலாக்ஷி வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். முப்பத்தொரு வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கு எந்தக் கணக்கும் கஷ்டமாகத் தெரிவதில்லை. "அவருக்கு எல்லாம் தெரியும்" என்பாள். "தெரியாதுன்னு சொல்ல மட்டும் தெரியாது."

இப்படி ஒரு மனிதர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணாமல் இருந்திருந்தால் காலம் முழுக்க நிம்மதியாக மிளகு கடித்துக்கொண்டு இருந்திருப்பார். மகள் அம்ருதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீசில் ஆலுவாவைச் சேர்ந்த கோவிந்த். இருவரும் பேசி முடிவு செய்த பிறகுதான் பெரியவர்களுக்கு அறிவிப்பு வந்தது. பையனின் அப்பா சிவசங்கரன், ரிட்டயரான பாங்க் மேனேஜர், எதற்கும் "அது செரி" என்பார். பையனின் அம்மா ஆலுவா மாமி எதற்கும் அப்படிச் சொல்லிவிட மாட்டாள். அவளுக்கு இந்த ஏற்பாட்டில் அரை மனசுதான். ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருந்தியதில், பொருந்தாத அந்த ஒன்றைத்தான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு குறை அகப்பட்டால் போதும் என்று காத்திருக்கிறாள் என்பது அம்ருதாவுக்கும் தெரியும். "அப்பா, அந்த மாமிகிட்டெ சும்மா ஒண்ணும் அடிச்சு விடாதே. எனக்கு கோவிந்தைத்தான் வேணும், ப்ளீஸ்" என்று போனில் கெஞ்சினாள். "எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

நிச்சயதார்த்தத்தன்று, காப்பி வந்த நேரத்தில் ஆலுவா மாமி கேட்டாள்: "உங்காத்துக் குலதெய்வம் எது?"

வேறு யாராயிருந்தாலும் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். கேரளத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆன குடும்பங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிலர் பழனி என்பார்கள், சிலர் குருவாயூரப்பனே எல்லாம் என்று கையைக் கூப்பி விடுவார்கள். அனந்தநாராயணனின் அப்பாவிடம் யாரோ ஒருமுறை கேட்டபோது அவர் கிழக்குப் பக்கம் கையைக் காட்டியதோடு சரி. கிழக்கே தமிழ்நாடு முழுசாக இருக்கிறது. அதில் எந்தக் கோயில் என்று யார் கண்டார்கள்?

அனந்தநாராயணன் கண்ணை மூடினார். திறந்தார். "கும்பகோணம் பக்கத்திலெயாக்கும். சாக்ஷாத் அம்மன். ஐநூறு வருஷமா எங்க ஆளுகள் தொழற எடம்."

கமலாக்ஷி சம்பந்தி குடித்து முடிக்காத காப்பித் தம்ளரையும் எடுத்துவிட்டாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஆலுவா மாமி. "அப்போ முதல் பத்திரிகை அங்கெ வைக்கறச்சே நாங்களும் கூட வரோம். குலதெய்வத்துக்கு வைக்காத கல்யாணத்திலெ எனக்கு நம்பிக்கையே இல்லெ."

"அது செரி" என்றார் சிவசங்கரன்.

பத்திரிகை அச்சாகி வந்தது, மலையாளத்திலும் இங்கிலீஷிலுமாக நானூறு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்த பிறகுதான் மற்றவற்றைப் பிறருக்குக் கொடுக்கலாம். இல்லாத ஒரு அம்மனின் காலடியில் நானூறு பத்திரிகையும் ஒரு பெண்ணின் கல்யாணமும் காத்துக்கிடந்தன. ராஜகுமாரி மிளகைப் போல இதை யாரும் கலந்துவிடவும் முடியாது. மாமி நேரில் வந்து பார்க்கப் போகிறாள்.

இந்த நிலைமையில் வேறு ஆள் சோதிடரைப் பார்ப்பார், பாலக்காட்டில் வயதானவர்களைத் தேடிப் போய் விசாரிப்பார். அனந்தநாராயணன் பிரயாணத் திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை காலை கிளம்பி திருச்சியில் தங்கல், சனிக்கிழமை முழுக்க கும்பகோணம், ஞாயிறு காலை குலதெய்வம், ராத்திரி வீடு. திட்டத்தை மலையாளத்தில் எழுதி, லாமினேட் செய்து, வாட்ஸப்பிலும் போட்டார். ஒவ்வொரு கோயிலுக்கும் வரும் நேரம், போகும் நேரம், கும்பிட ஒதுக்கிய நேரம் எல்லாம் நிமிஷக்கணக்கில் இருந்தது. சாரங்கபாணிக்கு இருபத்தைந்து நிமிஷம், சக்கரபாணிக்குப் பதினெட்டு. ஏன் ஏழு நிமிஷம் குறைச்சல் என்று அந்தப் பெருமாளே கேட்டிருந்தாலும் பதில் தயாராக வைத்திருப்பார். கடைசி வரியில் மட்டும் "ஞாயிறு 9.00, கு.தெ." என்று இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை.

இரண்டு வீட்டுப் பெரியவர்கள் நாலு பேரும் ஏறிய வண்டியை ஓட்டியவர் சிகாபுதீன். மட்டாஞ்சேரித் தமிழ் ராவுத்தர், மாசத்துக்கு இரண்டு கூட்டத்தைக் கோயில் ஊர்களுக்கு ஏற்றிப்போய் இறக்குகிறவர். எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், எங்கே செருப்பு விடலாம், எங்கே பொங்கல் நன்றாயிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திட்டத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாமி, பன்னிரண்டு மணிக்கு அங்கெ எல்லா நடையும் அடைச்சிருவான். நீங்க பன்னிரண்டரைக்கு ரெண்டு கோயில் போட்டிருக்கீங்க."

"அடைக்கும்னுதான் நானும் போட்டிருக்கேன்" என்றார் அனந்தநாராயணன்.

கும்பகோணத்தில் அவர் நடத்திய சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பதுதான் அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை. கேரளத்துக் கோயில் வழக்கப்படி முதல் கோபுரவாசலிலேயே சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தியையும் கழற்றச் சொன்னார். சுற்றிலும் அத்தனை பேரும் சட்டையோடு உள்ளே போய்க்கொண்டிருக்க, பூக்காரம்மா ஒருத்தி, "ஏன் சாமி, மழையில நனைஞ்சுட்டீங்களா?" என்று விசாரித்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சிவசங்கரன் தன் மார்பை ஒரு பார்வை பார்த்து, "அது செரி" என்றார், ஆனால் குரலில் தெம்பில்லை.

பார்த்த கோபுரத்தையெல்லாம் ராஜராஜ சோழன் கணக்கில் எழுதினார். கண்ணாடி போட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், "இது நாயக்கர் காலத்துக் கட்டடம் சார்" என்றார். "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் அனந்தநாராயணன். அந்த மனிதர் திகைத்துப் போய், தன் காதில் என்ன விழுந்தது என்று யோசித்துக்கொண்டே திரும்பிப் போனார். மகாமகக் குளத்தை இடமிருந்து வலமாகச் சுற்றுவதா வலமிருந்து இடமாகவா என்பதற்கும் ஒரு தீர்ப்பு சொன்னார். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷத்தில் ஒரு கோயில் கதவு அவர் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது. "நாங்க கொச்சிலேந்து வரோமாக்கும்" என்று கதவிடம் சொன்னார். கதவுக்குக் கொச்சி தெரியாது போலிருக்கிறது. சிகாபுதீன் எல்லோரையும் ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார்.

ஆலுவா மாமி பித்தளை டபராவில் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு எந்த ஊர், எத்தனை தூரம்?"

"பக்கத்திலேதான். நடந்துபோற தூரம். காரும் போகும்."

அந்த பதிலில் எல்லாத் திசையும் அடங்கியிருந்ததால் மாமிக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அவள் இரண்டு தரம் தலையாட்டியதைக் கமலாக்ஷி கவனித்தாள். குறை தேடுகிறவள் தலையாட்டினால் நல்லதற்கில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அனந்தநாராயணன் தனியாகக் கிளம்பினார். அவர் வெற்றிலை போடுகிறவர் அல்ல. கமலாக்ஷி பின்னாலேயே போய், பக்கத்துப் பூக்கடையில் மல்லிகை விலை கேட்பதுபோல நின்றாள்.

"ஒரு கவுளி கொடு" என்றார் அவர் கடைக்காரரிடம். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு அம்மன் கோயில் இருக்கோல்லியோ, குலதெய்வம்னு ஜனம் வர எடம்" என்றார்.

"ரயில்வே கேட்டா?" என்றார் கடைக்காரர். "அங்க இருக்கறது சிவன் கோயிலுங்க. குலதெய்வம்னு வர்றவங்க வயல்காத்தம்மன் கோயிலுக்குப் போவாங்க. அரசலாத்துப் பாலம் தாண்டி, வாய்க்கால் கரையோடயே போனா வரும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

ஐநூறு வருஷத்துக் குலதெய்வம் ஒரு கவுளி வெற்றிலையோடு கிடைத்துவிட்டது. கமலாக்ஷிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. லாட்ஜ் வாசலில் அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்னா, மாமிகிட்டெ சொல்லிடலாம். தெரியாதுன்னா என்ன, தலையா போயிடும்? கொழந்தை கல்யாணத்திலெ விளையாடாதீங்கோ."

"எனக்குத் தெரியும் கமலம்."

அன்று அவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த மூட்டைக்கும் பயப்படாத மனிதர் இப்போது நன்றாகவே பயந்து போயிருந்தார். மிளகுக்கு ஊர் தப்பாகச் சொன்னால் நஷ்டம் முதலாளிக்கு. இது அம்ருதா.

ஞாயிறு காலை வாய்க்கால் கரையில் வண்டி போனது. "சாமி, மேப்புல இடது பக்கம்னு காணிக்குது" என்றார் சிகாபுதீன். "மேப்புக்கு என்ன தெரியும்? நேரா விடு" என்றார் அனந்தநாராயணன். நேராகப் போனதில் வயல் வந்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, இடது பக்கம் திரும்பினார்கள். "அதைத்தான்" என்று அவர் ஆரம்பித்தார். சிகாபுதீன் ஹாரனை ஒரு நீள அமுக்கு அமுக்கினார்.

கோயில் தெரிவதற்கு முன்னாலேயே ஒலிபெருக்கி கேட்டது. பிறகு பந்தல். பிறகு, புளியமரத்தடியில் அடுப்பின்மேல் நாலு அண்டாக்கள். பிரியாணி வாசனை காருக்குள் வந்ததும் ஆலுவா மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். கோயிலுக்கு எதிரே கருப்பசாமிக்குக் கிடாவெட்டு விடியற்காலையிலேயே முடிந்திருந்தது. அம்மன் அதைப் பார்க்கக் கூடாதென்று சன்னதியில் போட்ட திரையை இன்னும் எடுக்கவில்லை.

"இதா உங்க குலதெய்வம்?" என்றாள் மாமி தலைப்புக்குள்ளிருந்து.

"இன்னிக்கு விசேஷமாக்கும்" என்றார் அனந்தநாராயணன். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பந்தலில் நின்ற ஒருவன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "சைவப் பந்திக்குச் சமைக்க வந்த ஐயரா? அடுப்பு அந்தாண்ட இருக்கு" என்று வழிகாட்டினான்.

அதற்குள் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள் வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் சாவிக்கொத்து. காதுகுத்துக் குழந்தையின் அத்தை. அங்கே இருந்த இருநூறு பேரும் அவள் கண்ணசைவுக்குத்தான் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள்.

"யாரு நீங்க? எங்கேருந்து?"

"கொச்சி. இது எங்க குலதெய்வமாக்கும். பொண்ணு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தோம்."

"கொச்சியிலயா!" அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எந்த வகையறா? மேலத்தெருவா, கீழத்தெருவா?"

"மேலத்தெருதான்" என்று போட்டார் அனந்தநாராயணன், திருத்துவாள் என்று காத்துக்கொண்டு.

"மேலத்தெருவெல்லாம் எங்க பெரியப்பா வழியாச்சே. அதுல யாரும் கொச்சிக்குப் போகலியே."

"கீழத்தெருவைத்தான் நானும் சொன்னேன்."

"கீழத்தெருவு எங்கப்பா வழி. அதுலயும் ஐயருங்க யாரும் இல்லீங்களே."

மூன்றாவது தெரு இருப்பதாகத் தெரியவில்லை. நல்லவேளை, அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி விடுங்க, அந்தக் காலத்துல எப்படி எப்படியோ. ஒரே சாமியைக் கும்பிட்டா பங்காளிதான். ஏய், கொச்சியிலேருந்து நம்ம பங்காளிங்க வந்திருக்காங்கடா, நாற்காலி போடு!"

திரையை விலக்கினார்கள். பட்டுப்பாவாடையும் எலுமிச்சை மாலையும், பெரிய கண்ணுமாக வயல்காத்தம்மன். கமலாக்ஷி மாவிளக்கை ஏற்றி வைத்தாள். ஆலுவா மாமி மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தாள். திடீரென்று அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கைப்பையைத் திறந்து ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, "குலதெய்வமே" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு, உண்டியலில் போட்டாள்.

"கமலாக்ஷி, நான் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள். "எங்களுக்கும் குலதெய்வம் எதுன்னு தெரியாது. இவரைக் கேட்டா குருவாயூரப்பன்ம்பார். கோவிந்துக்கு ஒண்ணு வந்தா, யாருக்கு வேண்டிக்கறதுன்னு எத்தனை நாள் நான் முழிச்சிருக்கேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்னதும் எனக்கு அத்தனை ஆசையா இருந்தது. அதான் கூடவே வந்தேன். இனிமே எங்களுக்கும் இந்த அம்மன்தான்."

கமலாக்ஷிக்கு அவள்மேல் முதல்முறையாகப் பிரியம் வந்தது. அந்தப் பிரியம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"உங்களுக்கும் இதுதானா?" என்றாள் மஞ்சள் புடவை அம்மாள். "அப்ப நீங்க ரெண்டு வீடும் பங்காளியாச்சே. கல்யாணம் யாருக்கு?"

"எங்க பையனுக்கும் இவா பொண்ணுக்கும்."

"அடியாத்தீ! பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்து எடுப்பாங்களா? அண்ணன் தங்கச்சி முறையில்ல ஆவுது!"

"எங்களுக்குக் கோத்ரம்தான் கணக்கு. அது ரெண்டும் வேற வேற" என்றாள் கமலாக்ஷி அவசரமாக.

ஆனால் ஆலுவா மாமியின் முகம் மாறிவிட்டது. "சன்னதியிலெ வச்சு ஒரு சுமங்கலி வாயாலெ வந்துடுத்தே. ஏற்கெனவே ஒரு பொருத்தம் கொறவு. நான் என்ன செய்வேன்? குலதெய்வமேன்னு கூப்பிட்டு முடிஞ்சு போட்டாச்சு, திருப்பி எடுக்க முடியுமா? உங்களுக்கோ ஐநூறு வருஷம். ரெண்டு வீட்டுக்கும் இதே தெய்வம்னா இந்தக் கல்யாணம் எப்படி நடக்கும்?"

"அது செரி" என்றார் சிவசங்கரன். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை இவ்வளவு கொடூரமாக வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

எல்லோரும் அனந்தநாராயணனைப் பார்த்தார்கள். அவர் கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. "அதைத்தான் நானும்..." என்றார். கண்ணை மூடிப் பார்த்தார். அங்கே ஊரும் இல்லை, சரிவும் இல்லை. எனக்கு கோவிந்தைத்தான் வேணும், ப்ளீஸ் என்று கெஞ்சிய குரல் மட்டும் இருந்தது. கமலாக்ஷி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

"இது எங்க குலதெய்வம் இல்லெ" என்றார்.

"என்ன?" என்றாள் ஆலுவா மாமி. ஒலிபெருக்கியில் பாட்டு உச்சத்தில் இருந்தது.

"இது எங்களுது இல்லெ!"

"பின்னெ உங்களுது எது?"

அவர் ஏதோ சொன்னார். பாட்டு அதை விழுங்கிவிட்டது. மாமி காதருகே கையை வைத்துக்கொண்டு, "கேக்கலெ!" என்றாள். அவர் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கத்தினார். அந்த நொடியில் பாட்டு முடிந்தது.

"எனக்குத் தெரியாது!"

பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்றுவிட்டான். புளியமரத்தடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த சிகாபுதீன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அப்போ ஐநூறு வருஷம்னது?"

"வெறுதெ, சும்மா சொன்னது."

ஆலுவா மாமி கோபப்படுவாள் என்று கமலாக்ஷி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோபப்படத்தான் மாமி வாயைத் திறந்தாள். ஆனால் பாதியில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவர்களுடையது இல்லையென்றால் இந்த அம்மன் முழுக்க முழுக்கத் தன் வீட்டுக்கு. கொச்சியில் பங்காளி கிடையாது, பாகம் பிரிக்க வேண்டாம். "போட்டும், மனுஷான்னா ஒரு பொய் சொல்லாமயா இருப்பா" என்று பெரிய மனசு பண்ணினாள். "கல்யாணத்துக்கு இனி ஒரு தடையும் இல்லெ" என்று அவளே அம்மனுக்கும் அறிவித்தாள். சிவசங்கரன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கமலாக்ஷி தூணில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் காத்திருந்த வார்த்தையை இருநூறு பேரோடு சேர்ந்து கேட்க வேண்டியிருந்தது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"அப்போ உங்க முதல் பத்திரிகையை எங்கெ வைப்பேள்?" என்று மாமி அக்கறையோடு விசாரித்தாள்.

அம்மன் காலடியில் வைத்தால் மறுபடியும் பங்காளி. வைக்காவிட்டால் மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் வீட்டிலேயே கிடக்கும். மஞ்சள் புடவை அம்மாள் இந்தக் கொச்சிக்காரர்களின் சங்கடத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"எங்கிட்ட குடுங்க. நான் வர்றேன் கல்யாணத்துக்கு. நான் கொச்சி பாத்ததே இல்ல."

அனந்தநாராயணன் சட்டையைத் தோளிலிருந்து எடுத்து, பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். மஞ்சள் தடவிய பத்திரிகையை உறைக்குள் போட்டு, தூணில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பழக்கப்பட்ட வாய் ஏதோ ஒரு பெயரைச் சொல்லத் திறந்தது, மூடிக்கொண்டது.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டார்.

அவளுக்கு வாய் நிறைய வெற்றிலை. இருங்க என்று கையைக் காட்டிவிட்டு, துப்புவதற்காக வேலிப் பக்கம் மெல்ல நடந்து போனாள். வழியில் யாரோ நிறுத்திச் சாவி கேட்டார்கள், கொடுத்தாள். அனந்தநாராயணன் பேனா முனையை உறைமேல் வைத்தபடி, ஒரு எழுத்தும் எழுதாமல், அவள் திரும்பி வரும்வரை குனிந்தே நின்றார்.